பன்றியின் மேல் பழி ஏன்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கேனும் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, சோதனைச் சாலையில் அது இன்ன வகை என்று தெரிந்துவிட்டால், மறுநாள் செய்தித்தாளில் “பன்றிக் காய்ச்சல்” என்று கொட்டை எழுத்தில் வந்துவிடுகிறது. அதைப் படித்ததும் நாம் தெருக்கோடியில் சாக்கடை ஓரம் திரியும் பன்றியை நினைத்து முகத்தைச் சுளிக்கிறோம். “சனியன், இதனால்தானே இத்தனை துன்பமும்!” என்று ஏசுகிறோம். பன்றிக்கு வாயிருந்தால் அது என்ன பதில் சொல்லும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்களுக்கும் அந்த எண்ணம் தானாக வந்துவிடவில்லை. அறிவியல் வகுப்பில் வைரஸ் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடந்தபோது எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்கள். “பன்றியிடமிருந்து மனிதனுக்குக் காய்ச்சல் வந்தது என்கிறீர்கள். சரி, பன்றிக்கு யாரிடமிருந்து வந்தது?” வகுப்பு முழுவதும் மௌனம். “தெரியாவிட்டால் தேடிப் படித்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லி மணி அடித்ததும் போய்விட்டார்கள். நாங்கள் தேடிப் படித்தோம். படித்தபின் எங்கள் மனத்தில் எழுந்த கருத்துகளையே இங்கே எழுத முற்படுகிறோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

எட்டுத் தாள்கள்

காய்ச்சலில் பல வகை உண்டு. இங்கே நாம் பேசுவது இன்ஃபுளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல். இதனை உண்டாக்கும் வைரஸ் தானாகப் பெருகும் ஆற்றல் இல்லாதது. மூச்சுப் பாதையிலுள்ள உயிரணு ஒன்றினுள் புகுந்து, அந்த உயிரணுவைக் கொண்டே தன்னைப் போல் ஆயிரக்கணக்கான படிகளை எடுத்துக்கொள்கிறது. வைரசின் குணம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும் மரபுச் செய்தி, ‘ஏ’ வகை இன்ஃபுளுயன்சாவில் ஒரே நீண்ட இழையாக இல்லை. எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. தைத்துக் கட்டிய நோட்டுப் புத்தகமாக இல்லாமல் எட்டுத் தனித் தாள்களாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாணவியர் ஆளுக்கு எட்டுப் பக்கத்தில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தைக்காத தாள்கள். ஒரே அறையில் இரண்டு கட்டுரைகளையும் நூற்றுக்கணக்கில் படியெடுத்துக் குவிக்கிறார்கள். பிறகு அவசர அவசரமாக ஒன்று முதல் எட்டு வரை அடுக்கிக் கட்டுகிறார்கள். பக்க எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்களே தவிர, கையெழுத்து யாருடையது என்று பார்க்கவில்லை. முடிவில் ஒரு கட்டில் மூன்றாம் தாள் ஒருத்தியுடையதாகவும் நான்காம் தாள் மற்றவளுடையதாகவும் இருக்கும். இரண்டு வெவ்வேறு இன்ஃபுளுயன்சா வைரசுகள் ஒரே உயிரணுவில் புகும்போது நடப்பதும் இதுவே.

கணக்குப் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்வோம். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு வாய்ப்பு. எட்டுத் தாள்களுக்கு, இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. அவற்றுள் இரண்டு பழைய கட்டுரைகளே. எஞ்சிய 254-ம் இதற்கு முன் இல்லாத புதுக் கலவைகள்! அவற்றுள் பெரும்பாலானவை உருப்படாமல் அழிந்து போகும். ஆனால் ஒன்றே ஒன்று நன்றாகப் பொருந்தி, மனிதரிடையே எளிதில் பரவும் ஆற்றலும் பெற்றுவிட்டால் போதும். உலகத்திற்கே அது தொல்லையாகி விடும்.

வைரஸ் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறுவதும் உண்டு. அது கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஓரிரு எழுத்துப் பிழை நேர்வது போன்றது. சளிக்காய்ச்சல் தடுப்பூசியை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது அதனால்தான். தாள் மாறுவதோ அப்படிப்பட்ட சிறு மாற்றம் அன்று. வைரசின் மேலுறையை அமைக்கும் தாளே மாறி வந்துவிட்டால், முன்பு காய்ச்சல் கண்டு தேறியவரின் உடலும் அதனை அடையாளம் கண்டுகொள்ளாது. 1957-ல் பறவை வைரசின் மூன்று தாள்கள் மனித வைரசில் சேர்ந்தன; 1968-ல் இரண்டு தாள்கள் சேர்ந்தன. இரண்டு முறையும் காய்ச்சல் உலகத்தையே சுற்றி வந்தது.

பன்றியின் தொண்டை

பறவையின் வைரசும் மனிதனின் வைரசும் சந்திக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? வைரஸ் உயிரணுவுக்குள் நுழைவது பூட்டைத் திறந்து வீட்டில் நுழைவது போன்றது. நீர்ப்பறவைகளின் குடலில் ஒருவகைப் பூட்டு. மனிதரின் தொண்டையில் பெரும்பாலும் மற்றொரு வகைப் பூட்டு. பன்றியின் மூச்சுக் குழலில் இரண்டு வகைப் பூட்டுகளும் இருப்பதாக 1998-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டு விருந்தாளிகளும் அங்கே தங்கலாம். ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டாப் ஷோல்டிசெக் 1980-களிலேயே பன்றியைக் “கலவைப் பாத்திரம்” என்று கருதினார்.

பாத்திரம் என்றால் அதில் கொட்டுகிறவர் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக் கொட்டிலில் இரண்டு பன்றிகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரத்தில் தேறிவிடும். வைரசும் அத்தோடு போய்விடும். ஆனால் இன்றைய பெரும் பண்ணைகளில் ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கான பன்றிகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. வாரந்தோறும் எதிர்ப்பாற்றல் இல்லாத புதுக் குட்டிகள் பிறக்கின்றன. ஓரிடத்தில் பிறந்த குட்டியை லாரியில் ஏற்றி, நெடுந்தொலைவில் உள்ள வேறொரு மாநிலத்தில் கொழுக்க வைக்கிறார்கள். அங்கே வைரசுக்கு ஓய்வே இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தது பன்றி அன்று. குறைந்த விலைக்கு நிறைய இறைச்சி வேண்டும் என்று விரும்பிய மனிதன்தான்.

ஒரு தாளின் பயணம்

பன்றிகளின் காய்ச்சல் முதன்முதலில் கவனத்திற்கு வந்தது 1918-ல். அந்த ஆண்டு மனிதரைத் தாக்கிய பெருங்காய்ச்சலில் உலகெங்கும் 5 கோடிப் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். அப்போது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பன்றிகளும் இருமித் தளர்ந்து விழுந்தன. கோயன் என்ற கால்நடை மருத்துவர், “மனிதருக்கு வந்திருக்கும் அதே நோய்தான் பன்றிகளுக்கும் வந்திருக்கிறது” என்ற கருத்தை வெளியிட்டார். பன்றி வியாபாரிகளுக்குக் கோபம் பொங்கியது. ஜனங்கள் பன்றி இறைச்சி வாங்க மாட்டார்களே என்பது அவர்கள் கவலை. கோயன் தம் கருத்தை விடவில்லை. ரிச்சர்ட் ஷோப் என்ற அறிஞர் பன்றியின் காய்ச்சல் வைரசைப் பிரித்தெடுத்து 1931-ல் அறிவித்தபோது, கோயன் சொன்னதன் உண்மை விளங்கத் தொடங்கியது. மனிதரின் சளிக்காய்ச்சல் வைரஸ் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது அதற்குப் பின், 1933-ல்தான்.

1918-ல் மனிதர்தாம் பன்றிகளுக்குக் காய்ச்சலைக் கொடுத்தனர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஆசிரியையின் கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதி விடையை ஒரு தாளின் பயணத்தில் காணலாம். எட்டுத் தாள்களில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் ‘பி.பி.1’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1968-ல் பறவையிடமிருந்து மனித வைரசுக்கு வந்த இரண்டு தாள்களில் இதுவும் ஒன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது மனிதரிடையே ஊர் ஊராகச் சுற்றியது. 1990-களில் மனிதரிடமிருந்து பன்றிகளிடம் சென்றது. 1998-ல் அமெரிக்காவின் வட கரோலினா, மின்னசோட்டா, ஐயோவா, டெக்சாஸ் மாநிலங்களில் பன்றிகளைப் புதிய காய்ச்சல் தாக்கியது. சினைப் பன்றிகளுக்குக் கரு கலைந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, பன்றி, பறவை, மனிதன் ஆகிய மூன்றின் தாள்களும் ஒன்றாக அடுக்கப்பட்ட வைரஸ் அங்கே இருந்தது. அதில் இருந்த மனிதத் தாள்களில் நாம் சொன்ன தாளும் ஒன்று.

இதற்கிடையே ஐரோப்பாவில் 1979-ல் வேறொரு பறவை வைரஸ் பன்றிகளிடம் குடியேறியிருந்தது. வியாபாரத்திற்காகப் பன்றிகள் கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டதால், அமெரிக்கக் கலவையும் ஐரோப்பிய வைரசும் மெக்சிகோ நாட்டுப் பன்றிகளிடம் சந்தித்தன. 2016-ல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. அங்கே பிறந்ததுதான் 2009-ஆம் ஆண்டின் எச்1என்1 வைரஸ். அதன் எட்டுத் தாள்களைப் பிரித்துப் பார்த்தால், மூன்று தாள்கள் 1918 முதல் பன்றிகளிடம் இருந்து வந்த பழைய வைரசினுடையவை. இரண்டு, அமெரிக்கப் பறவை வைரசிலிருந்து வந்தவை. இரண்டு, ஐரோப்பியப் பன்றி வைரசினுடையவை. எட்டாவதாக எஞ்சிய ஒன்று, மனிதர் பன்றிக்குக் கொடுத்த அந்த ‘பி.பி.1’ தாள்.

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் இந்தக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதனை உலகத் தொற்று என்று அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று அது முடிந்ததாக அறிவித்தது. சோதனையில் உறுதியான மரணங்கள் 18,000-க்கு மேல். சோதிக்கப்படாமல் இறந்தவர்களையும் சேர்த்தால், முதல் ஆண்டில் மட்டும் 1,51,700 முதல் 5,75,400 வரை என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பறவையிடமிருந்து நம்மிடம் வந்து, நாம் பன்றிக்குக் கொடுத்த தாள் நம்மிடமே திரும்பி வந்துவிட்டது. கொடுத்ததை மறந்துவிட்டு, வாங்கியதை மட்டும் நாம் பேசுகிறோம்.

பழி சுமந்தவர்கள்

பழி சுமத்துவதில் மனிதன் எவ்வளவு விரைவானவன் என்பதை 2009 காட்டியது. ஆப்கானிஸ்தானின் காபூல் நகர விலங்குக் காட்சிசாலையில் ஒரே ஒரு பன்றி இருந்தது. அந்நாட்டிலேயே அது ஒன்றுதான் என்றார்கள். அதனையும் பிரித்துத் தனியே அடைத்துவிட்டார்கள். அருகில் வேறு பன்றியே இல்லாத பன்றிக்கு யாரிடமிருந்து காய்ச்சல் வரும்? பார்க்க வந்த மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்! இதைப் படித்தபோது நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

அடுத்துப் படித்தது எங்களைச் சிரிக்க விடவில்லை. எகிப்து நாட்டில் ஒரு மனிதருக்குக்கூட இந்தக் காய்ச்சல் கண்டறியப்படாதபோதே, நாட்டிலுள்ள பன்றிகள் அனைத்தையும் கொல்லுமாறு 2009 ஏப்ரல் இறுதியில் அரசு ஆணையிட்டது. பன்றிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சம். அவற்றில் பலவற்றை வளர்த்தவர்கள் கெய்ரோ நகரின் குப்பை அள்ளும் ஏழை மக்கள். பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள். வீடு வீடாகக் குப்பை எடுத்து, தாளையும் தகரத்தையும் பிரித்து விற்று, மிஞ்சிய உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டு வளர்த்து வயிற்றைக் கழுவி வந்தவர்கள். அருட்சகோதரி இம்மானுவேல் 1971 முதல் 1993 வரை வாழ்ந்தது இந்த மக்களிடையேதான். தம் அறுபது வயதுக்கு மேல் அந்தக் குப்பைமேட்டுக் குடிசைகளில் குடியேறி, அவர்கள் குழந்தைகளுக்குப் பள்ளியும் மருந்தகமும் அமைக்கப் பாடுபட்ட அக்கன்னியர் 2008-ல் காலமானார். அவர் மறைந்த மறு ஆண்டே அம்மக்களின் பிழைப்பில் இந்த இடி விழுந்தது.

பன்றிகள் போயின. காய்ச்சல் வராமல் நின்றதா? ஜூன் மாதமே வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த பயணி வழியாக அது எகிப்துக்குள் நுழைந்தது. உணவுக் கழிவைத் தின்னப் பன்றி இல்லாததால் கெய்ரோ வீதிகளில் குப்பை மலைபோல் குவிந்து நாறியது. ஏழையின் பிழைப்பும் போயிற்று. ஊரின் தூய்மையும் போயிற்று.

பெயரிலேயே பழி இருக்கிறது என்பதை உணர்ந்துதான் உலக சுகாதார நிறுவனம் 2009 ஏப்ரல் 30 முதல் “பன்றிக் காய்ச்சல்” என்று சொல்வதை நிறுத்தியது. நோய்களுக்கு விலங்கின் பெயரையோ ஊரின் பெயரையோ சூட்டலாகாது என்று 2015-ல் நெறிமுறையும் வகுத்தது. நம் நாட்டில் இன்னும் அப்பெயரையே வழங்கி வருகிறோம். நன்கு வேக வைத்த இறைச்சியால் இந்த நோய் வருவதில்லை. அருகிலிருப்பவர் இருமும்போதும் தும்மும்போதும்தான் வருகிறது.

காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்

அப்படியானால் யார்மேல் குற்றம்? பண்ணையில் வேலை செய்யும் தொழிலாளியின் மேலா? அவர்மேல் பழி போடுவதும் எளிதுதான். ஆனால் அவர் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காலையில் எழும்போதே உடம்பு கொதிக்கிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அமெரிக்கா போன்ற செல்வ நாட்டிலேயே, நோயுற்ற நாளுக்கும் ஊதியம் தந்தாக வேண்டும் என்று தனியார் முதலாளிகள் அனைவரையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் நாடு முழுமைக்கும் இல்லை. ஆகவே அவர் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் பன்றிக் கொட்டகைக்குள் போகிறார். குட்டிகளுக்குத் தீனி வைக்கும்போது தும்முகிறார். மனிதத் தாள்கள் எட்டும் பன்றியின் தொண்டையில் இறங்கிவிடுகின்றன.

பண்ணைக்காரர் நிலையும் நினைக்கத் தக்கதே. 2009 மே மாதத் தொடக்கத்தில் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு பண்ணையின் பன்றிகளிடம் புதிய வைரஸ் கண்டறியப்பட்டது. மனிதரிடமிருந்தே அது அவற்றுக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். பன்றிகள் தேறின. ஆயினும் அவற்றை விற்க வழியில்லாமல் போயிற்று. இறுதியில் மந்தை முழுவதும் கொல்லப்பட்டது. இதைக் கண்ட மற்றொரு பண்ணைக்காரர், தம் பன்றிகள் இருமும்போது கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவாரா, கதவைச் சாத்திக்கொள்வாரா? உண்மை சொன்னால் வாழ்வு போகும் என்றால் உண்மை சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கோயனைப் போன்றவர்கள் எங்கோ ஒருவர்தானே!

இந்த மௌனத்தின் விலையைச் சிறுவர்களே கொடுத்தார்கள். 2009-ன் வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிகளுக்குப் பல முறை திரும்பச் சென்றது. அங்கிருந்த வேறொரு வைரசுக்குத் தன் தாள் ஒன்றைக் கொடுத்தது. அந்தக் கலவை 2012-ல் அமெரிக்காவின் 12 மாநிலங்களில் 309 பேரைத் தாக்கியது. அவர்களுள் பெரும்பாலோர், தாங்கள் அன்போடு வளர்த்த பன்றியைக் குளிப்பாட்டி விவசாயக் கண்காட்சிக்கு ஓட்டிச் சென்ற, அல்லது அங்கே பன்றிகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்த, சிறுவர் சிறுமியர். எங்கள் வயதினரும் எங்கள் தங்கை தம்பியர் வயதினரும்! பின்னர் கண்காட்சியில் பன்றிகளை 72 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று வல்லுநர் கூறினர். சிறிய யோசனைதான், ஆனால் வைரசுக்குக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடுகிறது.

சீனாவில் 2011 முதல் 2018 வரை 10 மாகாணங்களின் பன்றிகளைச் சோதித்த ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. 2009 வைரசின் தாள்கள் சில சேர்ந்த புதிய கலவை அங்கே பெருகியிருந்தது. பன்றிப் பண்ணைத் தொழிலாளர் 338 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 35 பேருக்கு அந்த வைரஸ் தொற்றியதன் அடையாளம் இருந்தது. அது மனிதரிடையே பரவும் தொற்றாக மாறவில்லை. இறைவனுக்கு நன்றி. ஆனால் வாசற்கதவைத் தட்டுகிற ஓசை கேட்டும் நாம் தூங்கலாமா?

நம் வகுப்பறையில்

இதையெல்லாம் படித்தபோது எங்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்து தலை குனியச் செய்தது. சென்ற ஆண்டு எங்களில் ஒருத்தி, ஜூன் மாதம் முதல் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள், காய்ச்சலோடு பள்ளிக்கு வந்தாள். ஆண்டு விழாவில் முழு வருகைக்கான பரிசு அவளுக்குக் கிடைக்கவிருந்தது. “சிஸ்டரிடம் சொல்லாதீர்கள்டி” என்று எங்களைக் கெஞ்சினாள். நாங்களும் சொல்லவில்லை. தோழிக்குச் செய்யும் உதவி என்று எண்ணிக்கொண்டோம். அடுத்த வாரம் அவள் பெஞ்சில் நால்வரும் படுத்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் மாதத் தேர்வின்போது வகுப்பில் பதினொரு இடங்கள் காலி. எங்களில் ஒருத்தியின் வீட்டில் பாட்டி மூன்று வாரம் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தப் பாட்டி பட்ட பாடு எங்களுக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை.

அந்தத் தோழியை நாங்கள் குறை கூறவில்லை. கூலிக்காகக் காய்ச்சலோடு கொட்டகைக்குப் போகும் தொழிலாளிக்கும், பரிசுக்காகக் காய்ச்சலோடு வகுப்புக்கு வரும் மாணவிக்கும் வேறுபாடு அதிகமில்லை. வீட்டில் இருந்தால் நட்டம் என்று இருவருக்கும் நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோம். 2020-ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, “உடல்நலம் இல்லாதவர் வெளியே வராதீர்கள்” என்று பெரியோர் அனைவரும் கூறினர். அப்போது நாங்கள் சிறுமியர், கேட்டுக்கொண்டோம். பள்ளிகள் திறந்தன; அந்தப் பாடம் மட்டும் மறந்துவிட்டது.

நாங்கள் வேண்டுவது

சிறுவர்கள் பெரியோருக்கு யோசனை கூறலாமா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்கவும் இப்பள்ளியே எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. எனவே பணிவோடு சிலவற்றைக் கூறுகிறோம்.

பன்றிகளோடு வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் கண்டால், அன்று அவர் கூலியை இழக்காமல் வீட்டில் இருக்க வழி செய்ய வேண்டும். ஆண்டுதோறும் அவருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். அது அவரைக் காப்பதோடு, மனிதத் தாள்கள் பன்றியிடம் செல்லாமலும் தடுக்க உதவும். தம் மந்தையில் நோய் என்று உண்மை சொல்லும் பண்ணைக்காரருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். அவர் பெயரை ஊரறியப் போட்டு உடைக்கக் கூடாது. மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டும். வைரஸ் இருவர் எல்லையையும் பார்த்து நடப்பதில்லை. செய்தித்தாள்கள் இந்நோயை எச்1என்1 காய்ச்சல் என்று எழுதினால் போதுமானது.

எங்கள் அருட்சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். காய்ச்சலால் வராத நாளை, பெற்றோரின் கடிதம் இருந்தால், முழு வருகைப் பரிசுக்குக் குறையாகக் கொள்ள வேண்டாம். அன்று வீட்டில் இருந்தவளும் பள்ளிக்கு ஒரு தொண்டு செய்தவளே அல்லவா? பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். “தேர்வு நாளாயிற்றே, மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடு” என்று எங்களை அனுப்பி வைக்காதீர்கள். தோழியரே, நமக்கும் ஒன்று உண்டு. காய்ச்சலை மறைக்க உதவுவது நட்பு ஆகாது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஊதாரி மைந்தன் உவமையை நாம் அனைவரும் அறிவோம். பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்த பிறகுதான் அம்மைந்தனுக்கு அறிவு தெளிந்தது. அவன் பன்றிகளின்மேல் பழி போடவில்லை. தன் தவற்றை உணர்ந்து எழுந்து தந்தையிடம் சென்றான். வனத்து அந்தோணியார் திருவுருவத்தின் காலடியில் ஒரு பன்றி நிற்பதையும் பலர் பார்த்திருப்போம். புனிதர் அதனை விரட்டிவிடவில்லை.

“பன்றிக்கு யாரிடமிருந்து காய்ச்சல் வந்தது?” என்று ஆசிரியை கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் விடை இருக்கிறது. பறவையிடமிருந்து வந்தது, நம்மிடமிருந்தும் வந்தது. பறவையிடம் சொல்லிப் பயனில்லை. நம்மிடம் சொல்லலாம், நாம் கேட்டுக்கொள்ளவும் முடியும். வரும் கல்வியாண்டில், காய்ச்சல் கண்ட நாளில் வீட்டிலிருக்கும் முதல் மாணவி எங்கள் வகுப்பிலிருந்து இருப்பாள் என்று உறுதி கூறி, இக்கட்டுரையை முடிக்கிறோம்.